பெயர் தெரியாத பழைய படத்தின் காலத்தைக் கணிப்பது எப்படி?

தலைப்புக் காட்சிகள் அறுபட்ட பழைய படத்துண்டு ஒன்று இணையத்தில் கண்ணில் படுகிறது; பதிவேற்றியவர் ஓர் ஆண்டைக் குறிப்பிட்டிருக்கிறார், பார்த்தவர்களில் ஒருவர் அதை மறுத்து வேறோர் ஆண்டைச் சொல்கிறார். அல்லது பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டிக்குள் பெயர் எழுதாத சுருள் ஒன்று கிடக்கிறது. இத்தகைய நேரங்களில் நடிகரின் முகத்தைப் பார்த்து வயதை ஊகித்து, அதிலிருந்து படத்தின் ஆண்டை ஊகிப்பதே பெரும்பாலோரின் வழக்கம். ஒப்பனையும் ஒளியமைப்பும் பத்து வயதைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை என்பதால் இது நம்பத்தகாத வழி. படத்தின் சட்டக (பிரேம்) வடிவமும் ஒலியும் நிறமும் தலைப்பு எழுத்தும் இதைவிட நல்ல சாட்சிகள். சினிமா வளர்ந்த வரலாறு அறிந்தவருக்கு அவை காலத்தைத் தாமாகவே சொல்லிவிடும்.

தொடங்குமுன் ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு தொழில்நுட்பம் தான் பிறந்த ஆண்டை உறுதியாகச் சொல்லும். தான் வழக்கொழிந்த ஆண்டை அவ்வளவு உறுதியாகச் சொல்லாது. அகலத்திரை முறையான சினிமாஸ்கோப்பில் எடுக்கப்பட்ட படம் 1953க்கு முற்பட்டதாக இருக்கவே முடியாது, ஏனெனில் அந்த முறையில் முதல் முழுநீளப் படம் வெளிவந்ததே அவ்வாண்டு செப்டம்பரில்தான். ஆனால் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது என்பதற்காக ஒரு தமிழ்ப்படத்தை 1956க்கு முந்தையது என்று சொல்லிவிட இயலாது. முதல் முழுநீள வண்ணத் தமிழ்ப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ அவ்வாண்டில் வந்தது உண்மை. ‘அபூர்வ ராகங்கள்’ 1975இலும் ‘அவள் அப்படித்தான்’ 1978இலும் கறுப்பு வெள்ளையில் வந்தன என்பதும் உண்மை. எனவே, ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்னும் முன்னெல்லையையும் ‘இதற்குப் பின் இருக்க முடியாது’ என்னும் பின்னெல்லையையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். முன்னெல்லைகள் பல கிடைத்தால் அவற்றுள் மிகப் பிந்தியதையும், பின்னெல்லைகள் பல கிடைத்தால் அவற்றுள் மிக முந்தியதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே படத்தின் காலம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நாம் பார்ப்பது பெரும்பாலும் மூலப்படத்தை அன்று, அதன் நகலின் நகலை. 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு அகலத்திரைப் படமாக மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. 1960இல் பெரும்பகுதி கறுப்பு வெள்ளையில் வெளிவந்த ‘முகல்-இ-ஆசம்’ 2004இல் முழுக்க வண்ணமேற்றப்பட்டு வந்தது. இந்த நகல்களை மட்டும் பார்த்து எழுதப்படும் கணிப்பு நாற்பது ஆண்டுகள்கூடத் தவறிப்போகும். ஒரே ஒரு சான்றை நம்பி ஆண்டை எழுதக் கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

சட்டகத்தின் வடிவத்தை அளத்தல்

முதலில் செய்ய வேண்டியது எளிதானது. படத்தை நிறுத்தி, திரையில் தெரியும் படப்பரப்பின் அகலத்தையும் உயரத்தையும் அளவுகோலால் அளந்து, அகலத்தை உயரத்தால் வகுக்க வேண்டும். பக்கங்களில் உள்ள கரும்பட்டைகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் டிக்சன் வகுத்த 35 மி.மீ. பிலிமில், ஒரு சட்டகத்துக்கு ஓரத்தில் நான்கு துளைகள் என்ற கணக்கில் அமைந்த படம் ஏறத்தாழ 1.33 என்ற விகிதத்தில் இருந்தது. மௌனப்பட யுகம் முழுவதும் இதுவே பொது அளவு. பின்னர் ஒலித்தடத்தைப் பிலிமின் ஓரத்தில் பதியத் தொடங்கியபோது அது படத்துக்குரிய அகலத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டதால் சட்டகம் குறுகிக் கிட்டத்தட்ட சதுரமாயிற்று. அதன் விகிதம் ஏறத்தாழ 1.19. இந்தச் சதுர வடிவம் ஹாலிவுட்டில் 1920களின் இறுதியிலிருந்து 1932 வரையிலான சில ஆண்டுகளுக்கு மட்டுமே நிலவியது என்பதால், காலக் கணிப்பில் இதைவிட மதிப்புமிக்க வடிவம் வேறில்லை. அக்காலப் படங்களைப் பிற்கால அளவுக்கு வெட்டி நகலெடுத்தபோது நடிகர்களின் நெற்றியும் தலையும் அடிக்கடி மேல்விளிம்பில் துண்டிக்கப்பட்டுப் போயின. ஒளிப்பதிவாளரின் கவனக்குறைவுபோலத் தோன்றும் இக்குறை உண்மையில் ஒரு தடயம்.

1932இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் 1.37 என்ற விகிதத்தை வகுத்தது. 1.33க்கும் 1.37க்கும் உள்ள வேறுபாடு அளவுகோலுக்கு அகப்படாது. ஆகவே அந்த இரண்டில் எது என்று மல்லுக்கட்டுவதில் பயனில்லை. அமெரிக்காவில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்து அரங்குகள் காலியான 1950களின் தொடக்கத்தில் அகலத்திரை வந்தது. 1952இல் சினிராமா, 1953இல் சினிமாஸ்கோப், அதே காலத்தில் 1.66, 1.85 என்ற அளவுகள் ஆகியன அடுத்தடுத்துத் தோன்றின. ஆரம்பகால சினிமாஸ்கோப் லென்சுகள் அண்மைக் காட்சிகளில் முகத்தைப் பக்கவாட்டில் உப்பவைத்துக் காட்டின. அத்தகைய வீங்கிய முகங்கள் தெரிந்தால் 1950களின் நடுப்பகுதியை நினைக்கலாம். இந்தியாவில் சினிமாஸ்கோப்பின் முன்னெல்லை 1959, அதாவது ‘காகஸ் கே ஃபூல்’ வெளிவந்த ஆண்டு. தமிழில் அது 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. வெளிநாட்டுப் படத்துக்குப் பொருந்தும் ஆண்டைத் தமிழ்ப்படத்துக்கு அப்படியே வைத்தால் இருபது ஆண்டுகள் தவறிவிடும் என்பதை இந்த ஓர் இடைவெளியே காட்டும்.

மௌனப்படமாக இருந்தால்

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக் காட்டிய பத்துப் படங்களும் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவானவை. வெட்டே இல்லாத ஒற்றைக் காட்சிகள். அடுத்த சில ஆண்டுகளில் பல காட்சிகளை ஒட்டிக் கதை சொல்லும் வழக்கம் வந்தபோதும், கேமரா நாடக அரங்கின் முன்வரிசைப் பார்வையாளரைப்போல ஓரிடத்திலேயே நின்றது. நடிகர்கள் தலைமுதல் கால்வரை முழுவுருவாகத் தெரிந்தனர். முழுப்படமும் இவ்வாறே அமைந்து, அண்மைக் காட்சி ஒன்றுகூட இல்லாதிருந்தால் 1908ஆம் ஆண்டையொட்டியோ அதற்கு முன்போ எடுக்கப்பட்டதாகக் கருத இடமுண்டு.

அக்காலத்துக்கே உரிய வேடிக்கையான சான்று ஒன்றும் இருக்கிறது. படங்களைக் கள்ளத்தனமாக நகலெடுத்து விற்பதைத் தடுக்க, நிறுவனங்கள் தம் முத்திரையைக் காட்சி அரங்கின் சுவரிலேயே மாட்டிவைத்தன. ஓர் ஏழையின் குடிசைச் சுவரில் பிரெஞ்சுப் பட நிறுவனமான பாத்தேயின் சேவல் சின்னம் காரணமே இல்லாமல் தொங்கினால், அப்படம் 1900களின் நடுப்பகுதிக்கும் 1910களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது என்று பெரிதும் நம்பலாம்.

வானமும் உதடும் அடுத்த சாட்சிகள். அன்றைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிம் சிவப்பு நிறத்தை உணராது. நீலத்தை மிகுதியாக உணரும். அதனால் உதடுகள் கரிய நிறத்திலும், வானம் மேகமே அற்ற வெறும் வெள்ளையாகவும், நீலக் கண்கள் வெளிறியும் தெரியும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் பிலிம் 1920களின் பிற்பகுதியில் பொதுவழக்காயிற்று. வெளிப்புறக் காட்சியில் சாம்பல் நிற வானத்தில் மேகங்கள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பது இதனால்தான்.

நடிகர்கள் ஓட்டமும் நடையுமாகத் துள்ளிக்கொண்டிருப்பதை மட்டும் வைத்துக் காலத்தைச் சொல்ல வேண்டாம். கையால் சுழற்றும் கேமராவில் நொடிக்கு ஏறத்தாழ 16 முதல் 20 சட்டகங்கள் வரை எடுத்ததை 24 சட்டக வேகத்தில் ஓட்டுவதால் விளையும் கோளாறு அது. மௌனப்படம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அக்காலப் பார்வையாளர் அந்தத் துள்ளலைப் பெரும்பாலும் கண்டதுமில்லை.

தமிழ் வாசகருக்கு இந்தப் பகுதியால் பயன் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 1300 மௌனப்படங்களில் கைவிரல்களால் எண்ணத்தக்க சிலவே முழுமையாக எஞ்சியுள்ளன. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ அழிந்துபோயிற்று. தமிழ் மௌனப்படம் என்று ஒரு துண்டு இணையத்தில் உலவினால் முதலில் ஐயப்படுவதே முறை.

ஒலியைக் கேட்டல்

பேசும்படமாக இருந்தால் கண்ணைவிடக் காது அதிகம் உதவும். அமெரிக்காவில் 1927 அக்டோபரில் ‘தி ஜாஸ் சிங்கர்’ வந்தது; இந்தியாவில் 1931 மார்ச் 14 அன்று ‘ஆலம் ஆரா’ பம்பாயிலும், அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ சென்னையிலும் வெளியாயின. தமிழ் பேசும் எந்த முழுநீளப் படத்துக்கும் இந்தக் கடைசித் தேதியே முன்னெல்லை.

அடுத்து, பாடும் விதத்தைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் நடிகர்கள் நடித்துக்கொண்டே பாடினார்கள். வாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் அமர்ந்து அப்போதே வாசித்தார்கள். அதனால் பாடுபவர் முகத்தைத் திருப்பினால் குரல் மங்கும். நடந்தால் குரலின் அளவு மாறும். பாடல் முழுவதும் ஓரிரு நீண்ட காட்சிகளாகவே எடுக்கப்பட்டிருக்கும். மரத்தடியில் பாடினால் காக்கையும் சேர்ந்து பாடும். ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் பின்னணிப் பாடல் முறை தமிழில் 1938இல் வந்த ‘நந்தகுமார்’ படத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. பாடுபவர் தொலைவில் ஓடியும் குரல் அருகிலேயே நின்று ஒலித்தால், பாடல் தனியே பதிவுசெய்யப்பட்டது என்று பொருள். நடிகரே முன்கூட்டிப் பாடிப் பதிவுசெய்திருக்கவும் கூடும் என்பதால் இதை 1930களின் பிற்பகுதி என்று சற்றுத் தளர்த்தியே கொள்வது நல்லது.

1934 வரை சென்னையில் பேசும்பட ஸ்டூடியோ இல்லை. அவ்வாண்டில்தான் ஏ. நாராயணனின் ஸ்ரீநிவாசா சினிடோன் தொடங்கியது. அங்கே ஒலிப்பதிவை மேற்கொண்டவர் அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன். அதற்கு முன் தமிழ்க் குழுக்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிப் போய்ப் படமெடுத்துத் திரும்பின. எனவே தமிழ்ப்படத்தின் தலைப்பில் வடநாட்டு ஸ்டூடியோவின் பெயர் இருந்தால் 1930களின் முற்பகுதி என்ற ஐயத்துக்கு வலுச்சேரும்.

படத்தின் நீளத்திலும் காலம் ஒளிந்திருக்கிறது. போருக்கு முந்தைய தமிழ்ப்படங்கள் பாடல்களை அடுக்கிக்கொண்டு மூன்று மணி நேரத்தைத் தொடுவது சாதாரணம். இரண்டாம் உலகப் போரின்போது கச்சாப் பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்ததால் அரசு ஒரு படத்தின் நீளத்துக்கு 11,000 அடி என்று வரம்பு விதித்தது. 35 மி.மீ. ஒலிப்படம் நிமிடத்துக்கு 90 அடி வீதம் ஓடும். 11,000 அடி என்பது ஏறத்தாழ 122 நிமிடம். முழுமையாகக் கிடைத்த 1940களின் தமிழ்ப்படம் இரண்டு மணி நேரத்தையொட்டியே முடிந்துவிட்டால் போர்க்கால வெளியீடாக இருக்கக்கூடும். மறுவெளியீட்டின்போது பாடல்களை வெட்டியெறிந்ததாலும் நீளம் குறைந்திருக்கலாம். கதை ஓட்டத்தில் இடறல் தெரிகிறதா என்று பார்த்தால் இது விளங்கும்.

நிறம்

மௌனப்படக் காலத்தில் இரவுக் காட்சிக்கு நீலம், தீவிபத்துக்குச் சிவப்பு, விளக்கொளிக்கு மஞ்சள் என்று பிலிமையே சாயத்தில் தோய்த்தார்கள். இதை வண்ணப்படம் என்று கொள்ளலாகாது. உண்மையான வண்ணத்தில் இரண்டு நிறங்கள் மட்டும் கொண்ட டெக்னிகலர் 1920களில் வந்தது. அதில் செம்மையும் பசுமையும் நன்றாகத் தெரியும், தூய நீலம் தெரியாது. மூன்று நிற டெக்னிகலர் 1932இல் ஒரு கார்ட்டூன் குறும்படத்திலும் 1935இல் முழுநீளப் படத்திலும் வந்தது. 1950இல் வந்த ஈஸ்ட்மென் கலர், டெக்னிகலருக்கு வேண்டியிருந்த மூன்று பிலிம்களின் வேலையை ஒரே பிலிமில் முடித்ததால் வண்ணத்தின் விலை இறங்கியது.

தமிழில் ‘கேவா கலர்’, ‘ஈஸ்ட்மென் கலர்’, ‘ஆர்வோ கலர்’ என்று சுவரொட்டியிலேயே பெருமையாக அச்சிட்டதால் நமக்கு வேலை எளிது. ஆர்வோ என்ற கிழக்கு ஜெர்மானிய வணிகப்பெயரே 1964இல்தான் ஏற்பட்டது. 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’போல ஒரு பகுதி மட்டும் வண்ணத்தில் அமைந்த படம் கிடைத்தால் 1950களையும் 1960களையும் முதலில் தேட வேண்டும். பிரிண்ட் முழுவதும் இளஞ்சிவப்பாக வெளுத்திருந்தால், நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும் இயல்புடைய ஈஸ்ட்மென் வகைப் பிலிம் என்று கொள்ளலாம். 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரையிலான பிரிண்டுகள் பெரும்பாலும் இக்கதிக்கு ஆளாயின.

வெட்டும் கேமரா அசைவும் துணைச் சான்றுகளே. கறுப்பு வட்டம் சுருங்கிக் காட்சி முடிவது 1910களின் வழக்கம். காட்சிகள் ஒன்றில் ஒன்று கரைவது 1960 வரை காலம் கடந்ததைக் காட்டும் பொது மொழி. நின்ற இடத்திலிருந்தே முகத்தை நோக்கிப் பாயும் ஜூம் 1960களுக்குப் பின் பெருகியது. தோளிலும் அல்லாமல் தண்டவாளத்திலும் அல்லாமல் படிக்கட்டில் மிதந்தேறும் கேமராவைக் கண்டால் முன்னெல்லை 1976, கேமராவை அதிராமல் தாங்கும் ஸ்டெடிகேம் கருவி திரைக்கு வந்த ஆண்டு.

தலைப்பும் சென்சார் சான்றிதழும்

இவை இருந்தால் மேலே சொன்ன பாடெல்லாம் பாதியாகக் குறையும். ஸ்டூடியோவின் சின்னம் ஒரு முன்னெல்லை: ஜெமினியின் இரட்டைக் குழந்தைகள் எக்காளம் ஊதினால் 1940க்கு முன் போக வேண்டாம், ஏவி.எம். புரொடக்‌ஷன்ஸ் என்ற பெயர் 1945இலிருந்துதான் உண்டு. தலைப்பின் மொழியும் மாறிவந்திருக்கிறது. ‘ஸ்ரீமதி’, ‘சங்கீதம்’, ‘டைரக்‌ஷன்’ என்ற வழக்கு மெல்ல ‘திருமதி’, ‘இசை’, ‘இயக்கம்’ என்றாயிற்று. ணை, லை, னை போன்ற எழுத்துகள் துதிக்கைபோல் மேல்வளைந்த பழைய வடிவில் எழுதப்பட்டிருந்தால், 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தையது என்று பெரும்பாலும் சொல்லலாம். புதிய வடிவம் இருப்பதை அதே உறுதியோடு மறுபுறம் பயன்படுத்த இயலாது. பெரியார் அதை 1935 முதலே தம் இதழில் பயன்படுத்திவந்தார்.

சென்சார் சான்றிதழ் உறுதியான பின்னெல்லையைத் தரும் அரிய சான்று. அதில் உள்ள தேதிக்குள் படம் எடுத்து முடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதையே படத்தின் ஆண்டாக எழுதிவிடுவதுதான் இணையத்தில் நான் அதிகம் காணும் பிழை. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சான்றிதழ் பத்தாண்டுகளுக்கே செல்லும் என்றிருந்ததால் பழைய படங்கள் மறுவெளியீட்டுக்காக மீண்டும் சான்றிதழ் பெற்றன. புதிய சான்றிதழே பிரிண்டின் தலையில் ஒட்டப்பட்டது. ‘யு/ஏ’ என்ற பிரிவு கண்ணில் பட்டால் அந்தச் சான்றிதழ் 1983க்குப் பிந்தையது. அடியிலோ மீட்டரிலோ குறித்திருக்கும் நீளத்தை எழுதிவைத்துக்கொண்டு, கையிலுள்ள நகலின் ஓட்ட நேரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது என்பதும் தெரியவரும்.

கையில் பிலிமே இருந்தால்

வீட்டுப் பெட்டியில் கிடைப்பது பெரும்பாலும் சிறிய பிலிமாக இருக்கும். 16 மி.மீ. என்றால் முன்னெல்லை 1923, 8 மி.மீ. என்றால் 1932, சூப்பர் 8 என்றால் 1965. இவை தீப்பற்றும் வகையைச் சேர்ந்தவை அல்ல. 35 மி.மீ. பிலிமாக இருந்து, ஓரத்தில் நைட்ரேட் என்ற ஆங்கிலச் சொல் தெரிந்தாலோ, பிசுபிசுத்தோ தூளாக உதிர்ந்தோ இருந்தாலோ அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். நைட்ரேட் பிலிம் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொண்டு எரியும். தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. புணேயில் 1964இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குத் தெரிவிப்பதே சரியான வழி. கோடாக் நிறுவனம் 1951இல் நைட்ரேட் தயாரிப்பை நிறுத்தியது என்பதால் அது நல்ல பின்னெல்லையுமாகும். வினிகர் நெடி அடித்தால் அது எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் பிலிம்.

கோடாக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகள் இருக்கும். வட்டம் 1916, சதுரம் 1917, முக்கோணம் 1918 என்று தொடங்கிய இந்த வரிசை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். ஆகவே தனி வட்டம் 1916, 1936, 1956 என்று இருபது ஆண்டு இடைவெளியில் வரும் ஆண்டுகளுள் எதையும் குறிக்கலாம். அது பிலிம் தயாரான ஆண்டேயன்றிப் படம் எடுத்த ஆண்டன்று. நெகட்டிவின் குறி பிரிண்டிலும் பதிந்து இரண்டு வரிசையாகத் தெரிவதும் உண்டு. துளைகளுக்கு இடையே பொடிப்புள்ளிக் கட்டங்கள் தெரிந்தால் அது டால்பி டிஜிட்டல் ஒலித்தடம், முன்னெல்லை 1992.

ஒரு கணிப்பைச் செய்து பார்த்தல்

தலைப்பு அழிந்த ஒரு தமிழ்ப்படம் கிடைத்திருப்பதாகக் கொள்வோம். கறுப்பு வெள்ளை, விகிதம் ஏறத்தாழ 1.37, ஜெமினி சின்னம் இருக்கிறது, பாடுபவர் நகர்ந்தும் குரல் மாறவில்லை, 1958ஆம் ஆண்டுச் சான்றிதழ் முன்னால் ஒட்டியிருக்கிறது, கதை இடறாமல் 120 நிமிடத்தில் முடிகிறது. கறுப்பு வெள்ளையும் விகிதமும் இங்கே எதையும் தீர்மானிக்கவில்லை. பாடல் முறை 1930களின் பிற்பகுதியை முன்னெல்லையாகத் தருகிறது. சின்னம் அதை 1940க்கு நகர்த்துகிறது. சான்றிதழ் 1958ஐப் பின்னெல்லையாக நிறுத்துகிறது. நீளம் போர்க்காலத்தைச் சுட்டுகிறது. எனவே குறிப்பேட்டில் ‘1940–1958: உறுதி; போர்க்காலம்: வாய்ப்பு மிகுதி’ என்று காரணங்களோடு எழுத வேண்டும். ஒற்றை ஆண்டை எழுதும் ஆசையை இந்த இடத்தில் அடக்கிக்கொள்வது நல்லது.

இவ்வாறு எல்லை குறுகிய பின்னரே அச்சு ஆவணங்களிடம் போக வேண்டும். முன்பே போனால் தேடல் கடலாக விரியும். அரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் பாடல் வரிகளும் இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவற்றின் பெருந்தொகுப்பு உள்ளது. படத்தில் தெளிவாகக் கேட்கும் ஒரு பாடலின் முதல் அடியை எழுதி எடுத்துச்சென்று, அந்த ஆண்டுகளின் பாட்டுப் புத்தகங்களில் தேடினால் படத்தின் பெயர் கிடைக்க வாய்ப்புண்டு. பெயர் கிடைத்துவிட்டால், வெளியான நாளை அக்கால நாளிதழ்களின் திரையரங்க விளம்பரப் பக்கத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்.